காரில் குடியிருக்க நேர்ந்தால்: கலிஃபோர்னியாவில் இரவு நிறுத்துமிடம் பெறும் வழி

2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை நானும் என் மகனும் ஒரு பழைய டொயோட்டா சியன்னாவில் குடியிருந்தோம். கலிஃபோர்னியாவில், சான்டா கிளாரா கவுன்டியில். அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பது தனிக் கதை. அதைச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. முதல் ஐந்து வாரங்களை நான் எப்படி வீணடித்தேன் என்பதைச் சொன்னால் ஒருவேளை உங்களுக்குப் பயன்படும்.

சேஃப் பார்க்கிங் என்று ஓர் ஏற்பாடு இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. தேவாலயம், நகராட்சி, தொண்டு நிறுவனம் என யாராவது தங்கள் வாகன நிறுத்துமிடத்தை இரவில் திறந்துவிடுவார்கள். கழிப்பறை இருக்கும். பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வீடு தேட உதவும் கேஸ் மேனேஜரும் வருவார். வாடகை கிடையாது. காவலர் கண்ணாடியைத் தட்டி எழுப்ப மாட்டார். ஆனால் நேரே ஓட்டிப்போய் நிறுத்திவிட முடியாது. பதிவு செய்து, காகிதங்களைக் காட்டி, காத்திருந்துதான் நுழைய முடியும்.

நம் ஆட்களில் காரில் தூங்குகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியொரு வளாகத்தில் இடம் கிடைத்த இரண்டாம் வாரம், இரண்டு கார் தள்ளி யாரோ தெலுங்கில் அம்மாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். புது வீடு வசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

1. இடம் கிடைக்கும்வரை எங்கே நிறுத்துவது, எங்கே கூடாது

ஊருக்கு ஊர் சட்டம் வேறு. 2024 ஜூனில் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பொது இடத்தில் தங்குவோருக்கு அபராதம் விதிக்க நகராட்சிகளுக்குக் கை நீண்டிருக்கிறது. எனவே "போன வருடம் என் நண்பர் அங்கேதான் நிறுத்தினார்" என்பதை நம்பாதீர்கள். நகராட்சியின் இணையதளத்தில் நிறுத்த விதிகளைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

சான் டியேகோவில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை நகராட்சி அனுமதித்த இடம் தவிர, தெருவிலோ பொது இடத்திலோ எங்குமே வாகனத்தில் குடியிருக்கக் கூடாது. வீடு அல்லது பள்ளியிலிருந்து 500 அடிக்குள் எந்த நேரத்திலும் கூடாது என்பதும் விதி. நகரத்தில் 500 அடி தள்ளி எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். மவுன்டன் வியூவில் 40 அடியோ அதற்குக் குறைவாகவோ அகலமுள்ள தெருக்களில் பெரிய வாகனங்களை நிறுத்தத் தடை இருக்கிறது. அது ஆர்.வி. (வீடு போல வசதி செய்த பெரிய வண்டி) வைத்திருப்பவர்களின் கவலை, சாதாரண மினிவேனுக்குப் பொருந்தாது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் வரை நிறுத்தலாம். ஓரிரு இரவுக்கு இது மோசமில்லை. விளக்கும் கழிப்பறையும் உண்டு. வால்மார்ட் எல்லாக் கிளையிலும் அனுமதிக்கும் என்பது வெறும் வதந்தி. கிளை மேலாளரையும் அந்த ஊர் விதியையும் பொறுத்தது. உள்ளே போய்க் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் அடித்துவிடப் போவதில்லை. "கூடாது" என்றால் இரவு 2 மணிக்கு எழுப்பப்படுவதற்குப் பதில் 8 மணிக்கே தெரிந்துவிடும்.

தெருவில் நிறுத்தினால் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பல நகரங்களில் அதற்கு மேல் இருந்தால் இழுத்துச் செல்லலாம். நீங்கள் தூங்குமிடமும் பகலில் இருக்குமிடமும் வேறு வேறாக இருக்கட்டும். இரவில் தாமதமாக வந்து, விடியும்போது கிளம்பிவிடுவது வழக்கமானால் பெரும்பாலான தொல்லை குறையும்.

2. 211-ஐ அழையுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தொலைபேசியில் 2-1-1. கட்டணம் இல்லை. உங்கள் கவுன்டியில் என்ன உதவி இருக்கிறது என்று சொல்லும் சேவை. சான்டா கிளாராவில் வீடற்றவர்களுக்கென்று கவுன்டியின் தனி அழைப்பு மையமும் இருக்கிறது. 211-இல் கேட்டால் இணைத்துவிடுவார்கள். அங்கே உங்கள் பெயரைப் பதிவுசெய்து ஒரு மதிப்பீட்டுக் கேள்வித்தாளை நிரப்புவார்கள். சேஃப் பார்க்கிங், தற்காலிக விடுதி, வாடகை உதவி என்று பிற்பாடு எது கிடைத்தாலும் அதற்கான வாசல் பெரும்பாலும் இந்தப் பதிவுதான்.

முதல் அழைப்பிலேயே நான் செய்த தவறு இது. "நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். "ஒரு தோழி வீட்டில்" என்றேன். ஏன் சொன்னேன்? அழைப்பை எடுத்த பெண்ணை எனக்குத் தெரியாது, என்னை அவருக்குத் தெரியாது. இருந்தும் "காரில்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மானம் போய்விடும் என்று நினைத்தேன். போனது மானமல்ல, வரிசையில் எனக்குரிய இடம்.

மத்திய அரசின் வீட்டுவசதித் துறை விளக்கத்தின்படி, காரில் தூங்குகிறவர் வீடற்றவர். தோழி வீட்டுச் சோபாவில் தூங்குகிறவர் பெரும்பாலும் அந்தக் கணக்கில் நேரடியாக வரமாட்டார். ஆகவே என் கோப்பில் நான் வீடு உள்ளவளாகப் பதிவானேன். மூன்று வாரம் யாரும் திரும்ப அழைக்கவில்லை. நவம்பரில் மறுபடி அழைத்து, அழுது, உண்மையைச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள். அடுத்த வாரமே நேர்முகம் கிடைத்தது.

மதிப்பீட்டில் உடல்நலம், மனநலம், கடன், பாதுகாப்பு எல்லாம் கேட்பார்கள். நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எது கேட்டாலும் "பரவாயில்லை, ஏதோ ஓடுகிறது" என்போம். இங்கே அது தவறான விடை. முதுகு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்கி வெளியே வந்தவரென்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதற்குத் தனி வழி இருக்கிறது, உங்கள் இருப்பிடத்தை ரகசியமாக வைக்கவும் ஏற்பாடு உண்டு. கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் தயக்கமிருந்தால் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். தொலைபேசி வழியாக இணைப்பார்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கும் வயதல்ல அவர்களுக்கு.

அழைத்த தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்னது நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பதிவு எண் கொடுத்தால் அதையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழைத்து, "என் தொலைபேசி எண் மாறவில்லை, இன்னும் காரில்தான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தொடர்புகொள்ள முடியாதவர்களின் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். அதனால் எதை நிறுத்தினாலும் தொலைபேசி இணைப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

3. மூன்று காகிதங்கள்: உரிமம், பதிவு, இன்சூரன்ஸ்

நான் விசாரித்த எல்லா வளாகங்களும் கேட்டவை இவை: செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, இன்சூரன்ஸ் சான்று. வண்டி ஓட வேண்டும். தள்ளிக்கொண்டு வரும் வண்டியைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். சில இடங்களில் உள்ளூர்த் தொடர்பும் கேட்பார்கள்: அந்த ஊரில் வேலை, பிள்ளையின் பள்ளி, அல்லது முன்பு குடியிருந்ததற்கான வாடகை ஒப்பந்தம். பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிப்போடாதீர்கள்.

ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சில இடங்களில் காகிதம் சரிசெய்ய அவகாசமும், கட்டணத்துக்கு உதவியும் தருவார்கள். நான் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்து, அவர்கள் கொடுத்திருக்கக்கூடிய பணத்தை என் கையிலிருந்து செலவழித்தேன்.

வரிசை முக்கியம். முதலில் இன்சூரன்ஸ், பிறகு புகைச் சோதனை, கடைசியில் பதிவு. இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவு புதுப்பிக்க முடியாது. இன்சூரன்ஸ் ரத்தானால் நிறுவனமே மாநில வாகனத் துறையான டி.எம்.வி.க்குத் தெரிவித்துவிடும், பதிவு முடக்கப்படும். மீட்க 14 டாலர். தொகை சின்னது, ஆனால் முடக்கப்பட்டது தெரியாமல் ஓட்டிப் பிடிபட்டால் சின்னதாக இருக்காது.

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் குறைந்தபட்ச இன்சூரன்ஸ் வரம்பு கூடியிருக்கிறது: ஒருவரின் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தில் எல்லாருக்குமாக 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர். தவணையும் அதற்கேற்ப ஏறியது. வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசின் குறைந்த கட்டண வாகன இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள், வண்டியின் மதிப்பு 25,000 டாலருக்குள் இருக்க வேண்டும். அதன் காப்பு வரம்பு மேலே சொன்னதைவிடக் குறைவு. ஆனாலும் சட்டப்படி செல்லும். தனியார் முகவர்கள் தாமாக இதைப் பற்றிச் சொல்வதில்லை. நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு பொறி: இரவில் வண்டி எங்கே நிற்கும் என்று இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் கேட்பார்கள். தவணை குறையும் என்று தூரத்து ஊர் மாமா வீட்டு முகவரியைப் போடாதீர்கள். விபத்து நடந்தால் அந்த ஒரு வரியை வைத்தே இழப்பீட்டை மறுக்க முடியும்.

இனி புகைச் சோதனை. என் வண்டியின் பதிவு காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. 6 மாதம் தாண்டினால் வண்டியை இழுத்துச் செல்லக் காவலருக்கு அதிகாரம் வந்துவிடும். ஆகவே பதற்றத்தில் ஓடினேன். சோதனையில் வண்டி தோற்றது. பக்கத்திலிருந்த பட்டறையில் 380 டாலர் கொடுத்துப் பழுதுபார்த்தேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது: வருமானம் குறைந்தவர்களுக்குப் புகை தொடர்பான பழுதுக்கு மாநில அரசே உதவுகிறது, 1996-ஆம் ஆண்டு முதலான வண்டிகளுக்கு 1,450 டாலர் வரை. ஆனால் பழுதுபார்ப்பதற்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்கள் அங்கீகரித்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே செலவழித்ததற்குக் காசு திரும்பாது. தோற்றால் அன்றே பட்டறைக்கு ஓடாதீர்கள். பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, 50 டாலருக்கு 60 நாள் தற்காலிக ஓட்ட அனுமதி கேளுங்கள். அந்த இடைவெளியில் விண்ணப்பம் போடுங்கள்.

அடையாள அட்டையே தொலைந்துவிட்டதென்றால்: வீடற்றவர்களுக்கு டி.எம்.வி. கட்டணமில்லாமல் அடையாள அட்டை தருகிறது. அதற்கான படிவம், டி.எல். 933, டி.எம்.வி. அலுவலகத்தில் கிடைக்காது, உதவி நிறுவனத்தின் கையெழுத்தோடு உங்கள் கேஸ் மேனேஜர் தர வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

எல்லாக் காகிதங்களையும் கைபேசியில் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட், கிரீன் கார்டு அசல்களை வண்டியில் வைக்காதீர்கள். நான் ஒரு தோழியிடம் கொடுத்திருந்தேன். காரில் தூங்குவதை அவளிடம் சொல்லாமல் அதைக் கொடுக்க முடியவில்லை. அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

4. கடிதம் எங்கே வரும்?

வீடு போனதும் முதலில் உறைக்காதது இது. பிறகு மிகுந்த சேதம் செய்வதும் இதுதான்.

தபால் நிலையத்தில் "ஜெனரல் டெலிவரி" என்று ஒரு சேவை இருக்கிறது. உங்கள் பெயர், அதன் கீழே அந்தச் சொல், ஊர், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான் முகவரி. கடிதத்தைக் குறிப்பிட்ட நாள்வரைதான் வைத்திருப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. எல்லாக் கிளையிலும் இருக்காது என்பதால் முதலில் எந்தக் கிளை என்று கேளுங்கள். தனியார் கூரியர் பொதிகள் இந்த முகவரிக்கு வராது. சில தொண்டு நிறுவனங்கள் தங்கள் முகவரியில் கடிதம் பெற அனுமதிக்கும்; கேஸ் மேனேஜரிடம் கேளுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஏ.ஆர். 11 என்ற படிவம், இணையத்திலேயே முடியும், கட்டணம் இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தால் குடியேற்றத் துறையின் பதிவேட்டிலும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. தனித்தனியாகச் செய்ய வேண்டும். கைரேகைக்கான அழைப்போ புதுப்பித்த அட்டையோ பழைய அபார்ட்மென்டுக்குப் போய், அங்கே குடிவந்தவர் குப்பையில் போட்டுவிட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். டி.எம்.வி.க்கும் அதே 10 நாள்.

எச்1பி விசாவில் இருந்து வேலை போனவர்களுக்கு 60 நாள் அவகாசம் மட்டுமே. அந்த நிலையில் சேஃப் பார்க்கிங் தேடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். 211-இல் இலவச சட்ட உதவியும் கேட்கலாம்.

5. வளாகத்தில் சேர்தல்

வளாகங்கள் மூன்று வகை. தேவாலயங்கள் மாற்றி மாற்றி நடத்துபவை: சில வாரம் இங்கே, சில வாரம் அங்கே என்று இடம் மாறும். நகராட்சி இடத்தில் இரவு மட்டும் திறப்பவை. 24 மணி நேரமும் நிற்கக்கூடியவை. இவை பெரும்பாலும் ஆர்.வி.களுக்கு. மவுன்டன் வியூவில் மூவ் மவுன்டன் வியூ என்ற அமைப்பு வளாகங்களை நடத்துகிறது. சான் டியேகோவில் ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ், லாஸ் ஏஞ்சலஸில் சேஃப் பார்க்கிங் எல்.ஏ., சான்டா பார்பராவில் 2004 முதல் நியூ பிகினிங்ஸ். பெயரைப் பார்த்து மதம் பார்ப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நாங்கள் தங்கிய தேவாலய வளாகத்தில் ஒருவரும் எங்களை ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை. என் கண்ணாடியில் தொங்கிய பிள்ளையாரைப் பார்த்து, "யானை அழகாக இருக்கிறது" என்று மட்டும் ஒரு பாட்டி சொன்னார்.

நேர்முகத்தில் பெயர், வருமானம், குடும்பத்தினர், வண்டி விவரம் கேட்டார்கள். பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குழந்தையோடு தங்குகிறவர்களுக்கு அது நல்லதுதான். குடியேற்ற நிலையைப் பற்றி எங்களிடம் கேட்கவில்லை.

நேர்முகம் முடிந்து காகிதம் சரியாக எனக்கு மூன்று வாரம். அதன்பின் இடம் கிடைக்க 17 நாள். குளிர்காலத்தில் வரிசை நீளும். பிள்ளை இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் சில இடங்களில் முன்னுரிமை உண்டு. ஒரே வளாகத்தின் பட்டியலில் மட்டும் காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்றில் பெயர் கொடுங்கள். இடம் கிடைத்துவிட்டதாக அழைத்தால் அன்றே போய்விடுங்கள். மறுநாள் வருகிறேன் என்றவருடைய இடம்தான் எனக்குக் கிடைத்தது.

எங்கள் வளாகத்தில் மாலை 7 முதல் 9-க்குள் நுழைய வேண்டும், காலை 7-க்குள் வெளியேற வேண்டும். மது, புகை, விருந்தினர், கூடாரம், வெளியே அடுப்பு எதுவும் கூடாது. 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. இரவு வேலை செய்பவர்கள் நுழையும் நேரத்தைப் பற்றி முன்னாலேயே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்ற பொறுப்பாளர் விடுப்பில் போன இரவு, மாற்று ஆள் கதவைத் திறக்க மறுத்து ஒருவர் வெளியே நின்றதைப் பார்த்தேன். ஓர் இரவு வராமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் தகவல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சில இரவு போனால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

6. வண்டிக்குள்

முதலில் 25 டாலருக்கு மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்குங்கள். போர்வைக்கும் முன்னால். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் வண்டிக்குள் வேண்டவே வேண்டாம். கண்ணாடியை இரு பக்கமும் ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். இல்லையென்றால் மூச்சுக்காற்றே ஈரமாகிக் காலையில் எல்லாம் நனைந்திருக்கும்.

வெயில் காலத்தில் பகலில் வண்டிக்குள் இருக்காதீர்கள். நூலகம்தான் புகலிடம்: குளிர்ச்சி, மின்னிணைப்பு, இணையம், கழிப்பறை, கேள்வி கேட்காத ஊழியர்கள்.

குளிக்க உடற்பயிற்சிக் கூடம். அப்போது மாதம் 10 டாலருக்குச் சேர்ந்தேன். அதே வகைச் சந்தா இப்போது புதியவர்களுக்கு 15 டாலர். ஆண்டுக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். என் மாதக் கணக்கு ஏறத்தாழ இப்படி இருந்தது: பெட்ரோல் 180, இன்சூரன்ஸ் 74, துணி துவைக்க 40, தொலைபேசி 25, சாமான் கிடங்கு 95. அந்தக் கிடங்கு முட்டாள்தனம். ஏழு மாதத்தில் 665 டாலர் கொடுத்து நான் பாதுகாத்தது ஒரு கட்டிலையும் இரண்டு கிரைண்டரையும். விற்றிருக்க வேண்டும்.

சமைக்க முடியாதது எனக்குத்தான் பெரிய துக்கம். ரொட்டியும் வாழைப்பழமும் தின்று சலித்த ஒரு ஞாயிறு, மகனை சான் ஹோசே குருத்வாராவுக்குக் கூட்டிப்போனேன். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும். யார், எங்கிருந்து என்று கேட்பதில்லை. பருப்பும் சப்பாத்தியும் சோறும். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நிற்பேன். அதில் சாப்பாட்டின் பாரம் குறையும்.

7. பிள்ளையின் பள்ளி

பள்ளியில் சொல்லவே கூடாது என்று மகன் சத்தியம் வாங்கியிருந்தான். அந்தச் சத்தியத்தை நான் மீறினேன், நல்லவேளை.

மெக்கினி-வென்டோ என்ற மத்தியச் சட்டத்தின்படி, நிலையான வீடில்லாத பிள்ளையை முகவரிச் சான்று இல்லாமலே பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக் காகிதம் பிறகு வரலாம். வீடு போவதற்கு முன் படித்த அதே பள்ளியில் தொடரும் உரிமை உண்டு. போய்வர வாகன வசதியும் கேட்கலாம். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியரிடம் போக வேண்டாம். மாவட்ட அலுவலகத்தை அழைத்து அந்த அலுவலரைக் கேளுங்கள். விஷயம் அவரோடு நிற்கும், வகுப்புத் தோழர்கள் காதுக்குப் போகாது. மகனிடம் இதைச் சொன்ன பிறகுதான் சமாதானமானான்.

தோழி வீட்டுச் சோபாவில் தங்கினாலும் இந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும். வீட்டுவசதித் துறையின் கணக்கு வேறு, கல்வித் துறையின் கணக்கு வேறு. ஓரிடத்தில் தகுதி இல்லை என்று சொன்னதால் இன்னோரிடத்திலும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். காலை உணவும் மதிய உணவும் கலிஃபோர்னிய அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்.

8. உணவு உதவி

கால்ஃபிரெஷ் உணவு உதவிக்கு வீட்டு முகவரி தேவையில்லை. கையில் பணமே இல்லாத நிலையென்றால் 3 நாளில் தர வேண்டும். "அவசர விண்ணப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீடற்றவர்கள் கால்ஃபிரெஷ் அட்டையால் குறிப்பிட்ட உணவகங்களில் சூடான சாப்பாடும் வாங்கலாம். அதற்கான குறிப்பு உங்கள் அட்டையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

கிரீன் கார்டு பெற்ற பெரியவர்கள் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்; 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எச்1பி விசாக்காரர்களுக்குக் கிடையாது. ஆனால் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைக்குத் தகுதி உண்டு. வீடற்றவர்களுக்கு முன்பு வேலை நிபந்தனையிலிருந்து இருந்த விலக்கை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. உங்களுக்கு வேறு விலக்கு பொருந்துமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

9. அபராதச் சீட்டு வந்தால், வண்டியை இழுத்துப் போனால்

சீட்டைக் கையுறைப் பெட்டிக்குள் திணித்து மறந்துவிடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 25 டாலருக்கு மிகாத தவணையில் கட்டும் திட்டத்தை நகராட்சிகள் தர வேண்டும். தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். விண்ணப்பிக்காதவருக்கு எதுவும் தானாக நடக்காது. ஐந்து சீட்டு சேரவிடவே விடாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல அதுவே காரணமாகிவிடும்.

வண்டியை இழுத்துப் போய்விட்டால் அது உங்கள் வீட்டையே இழுத்துப் போனது போல. அன்றே கிளம்புங்கள், கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும். மீட்கப் பணமில்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் உங்கள் சொந்தப் பொருள்களை வேலை நேரத்தில் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. மருந்து, பிள்ளையின் புத்தகப் பை, காகிதங்களை முதலில் எடுங்கள். இழுத்தது சரியல்ல என்று கருதினால், அறிவிப்புத் தேதியிலிருந்து 10 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும். வண்டிதான் தங்குமிடம் என்பதை அங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள்.

10. வெளியேறும்போது

கேஸ் மேனேஜரை வாரம் ஒருமுறையாவது பாருங்கள், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். வாடகை உதவிக்கான பணம் திடீரென்று வரும்; அப்போது காகிதம் தயாராக இருப்பவருக்குத்தான் போகும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், முந்தைய வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. ஒன்றிரண்டு சொத்து மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் இரண்டு மாதம் கேட்கலாம். எங்களிடம் ஏப்ரலில் இரண்டு மாதம் கேட்டார்கள். அதில் ஒன்றைக் கேஸ் மேனேஜர் தேடிப்பிடித்த நிதியிலிருந்து கட்டினார்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே வளாகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அன்றிரவே இன்னொரு வண்டி உள்ளே வரலாம். கிளம்புமுன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அங்கே தங்கினீர்கள் என்று அவர்களுடைய கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். பின்னால் வேறு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காலத்துக்குச் சான்று கேட்பார்கள். என் கடிதத்தில் வண்டி எண்ணைத் தவறாக எழுதிவிட்டு, திருத்தி வாங்க இரண்டு முறை அலைய வைத்தார்கள். வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.